கையைத் தூக்கினால் தெரிவது

மதீனாவின் முதுகில் இருந்த அது, கையைத் தூக்கினால்தான் வெளியே வரும். கையைத் தொங்கவிட்டால் தோள்பட்டை எலும்புக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று வேலை செய்கிறவளுக்குக் கை தொங்குகிற நேரம் குறைவுதான். இருந்தாலும் அவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தன் முதுகைத் தானே பார்த்துக்கொண்டு யார் இருக்கிறார்கள்?

முதலில் பார்த்தவள் பாண்டீஸ்வரி. அது ஆனி மாதம். கம்பத்துக்கு மேலே மலையிடுக்கில் புகுந்த காற்று பள்ளத்தாக்கு முழுவதையும் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. காற்றோடு கேரளத்து மழையின் மிச்சம் சாரலாக வரும், நனைக்காமலே போய்விடும். உத்தமபாளையத்துக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டி மதீனாவின் புருஷன் ராஜா முகம்மதுவுக்குத் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் பன்னீர்த் திராட்சைக் கொடியைப் படரவிட்ட பந்தல். அந்த மாதத்தில் பக்கக் கொழுந்தைக் கிள்ளிவிட்டு, காற்றுக்கு ஆடுகிற கொடிகளை வாழைநாரால் கம்பியில் கட்ட வேண்டும். எல்லாம் தலைக்கு மேலே நடக்கிற வேலை. அண்ணாந்த கழுத்தும் உயர்த்திய கையுமாகப் பொழுது போகும். கல்யாணமாகி வந்த மறுவருடத்திலிருந்து மதீனா அப்படித்தான் நிற்கிறாள். இப்போது பேரன் எடுத்தாயிற்று. பாண்டீஸ்வரி கூலிக்கு வந்தவள்தான். ஆனால் வந்து வருசக்கணக்காகிவிட்டதால் தோட்டத்தில் யாரை அதட்டுவது என்பதை அவளே முடிவு செய்துகொள்வாள்.

“யக்கா, அப்படியே நில்லு. கையக் கீழ போட்றாத.”

“என்னடி, பாம்பா?”

“பாம்புமில்ல, பல்லியுமில்ல. ஒன் முதுகுல என்னமோ பொடச்சுக்கிட்டு நிக்குது. உள்ள ஒரு கொய்யாப்பழத்த வச்சுத் தச்ச மாதிரி.”

வேர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. மதீனா பதறிக் கையைக் கீழே போட்டாள். பாண்டீஸ்வரி கிட்டே வந்து தடவினாள். ஒன்றுமில்லை.

“எங்கடி இருக்கு?”

“இந்தா இங்கன தான இருந்துச்சு. தூக்கு கைய.”

தூக்கினாள்.

“வந்துருச்சு! இப்ப எறக்கு. போயிருச்சு. தூக்கு. வந்துருச்சு. அடி ஆத்தி, வளைக்குள்ள எலி போய்ட்டுப் போய்ட்டு வர்ற மாதிரில்ல இருக்கு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்து வரிசையில் கொடி கட்டிக்கொண்டிருந்த ராஜா முகம்மது திரும்பிப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. சிரிப்பு ஓய்ந்ததும் பாண்டீஸ்வரியின் கை மட்டும் மதீனாவின் முதுகிலிருந்து விலகாமல் கொஞ்ச நேரம் இருந்தது.

“வலிக்குதாக்கா?”

“வலின்னு இல்ல. கைய எறக்கும்போது உள்ள ‘கடக்’குன்னு ஒரு சத்தம் கேக்கும். வயசாகுதில்லடி, எல்லாருக்கும் கேக்கும்னு இருந்துட்டேன்.”

“எனக்குக் கேக்கலயே” என்றாள் பாண்டீஸ்வரி.

உத்தமபாளையத்து டாக்டர் நல்ல மனிதர். மதீனா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் அடக்கி, குனிந்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் துப்பட்டியை விலக்க, அவர் முதுகை அழுத்திப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். “ஒண்ணும் இல்லையேம்மா. சதைப் பிடிப்பா இருக்கும்” என்று தைலம் எழுதிக் கொடுத்தார். கையைத் தூக்கினால்தான் வரும் என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆம்பளை டாக்டர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதா? நல்லவேளை, ஒன்றுமில்லை என்று அவரே சொல்லிவிட்டார் என்று ஒரு நிம்மதியோடு வந்துவிட்டாள். தைலம் தீரும்வரை அந்த நிம்மதி இருந்தது.

ராஜா முகம்மது பேசுகிற ஆள் இல்லை. திராட்சைக்குப் பேச்சுத் துணை வேண்டாம் என்பதால்தான் அந்த வெள்ளாமைக்கு வந்தார் என்று மதீனாவின் அண்ணன் ஜெய்லானி கேலி செய்வார். ஜெய்லானிக்கு உத்தமபாளையம் கடைவீதியில் ஜவுளிக்கடை. பேசித்தான் வியாபாரம். அவர் பேச, இவர் கேட்டுக்கொண்டிருக்க, இருபது முப்பது வருட உறவு எந்தச் சண்டையும் இல்லாமல் ஓடியிருந்தது. தேனியில் கர்ணன் என்று ஒரு ஆபரேசன் டாக்டர் இருக்கிறார் என்று விசாரித்து வந்தது ஜெய்லானி. ஆனால் அங்கே போய், அந்த டாக்டரும் முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியபோது வாயைத் திறந்தது ராஜா முகம்மதுதான்.

“கொடி கட்றாப்புல நிக்கச் சொல்லுங்க.”

கர்ணன் டாக்டருக்குப் புரியவில்லை. ராஜா முகம்மது தன் இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். மதீனா அவரைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கையைத் தூக்கினாள்.

“ஓ” என்றார் டாக்டர்.

கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும், சின்ன ஆபரேசன், எடுத்துவிடலாம் என்றார். கொழுப்புக் கட்டி எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஜெய்லானியின் முன்னங்கையிலேயே இரண்டு உருண்டுகொண்டிருந்தன. ஆபரேசனுக்கு உள்ளே கூட்டிப்போகும் முன்னால் மதீனா அண்ணனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, எடுக்குறத அவுகட்டயே விட்டுட்டு வந்துறாதீக. மண்ணுல சேத்துருங்க.”

“அது எனக்குத் தெரியாதாத்தா? நீ பிஸ்மி சொல்லிட்டுப் போ.”

அதில் பேசுவதற்கு எதுவும் இல்லை. வெட்டின நகத்தையும் முடியையுமே மண்ணில் புதைக்கிற குடும்பம். பிள்ளைகளின் தொப்புள்கொடி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு இடம் தெரியும். ஜெய்லானியின் மூத்த மகனுக்கு நெல் மில்லில் விரல் நுனி போனபோது, அந்த நுனியைத் தேடி எடுத்துவந்து மையவாடியில் அடக்கம் செய்துவிட்டுத்தான் மகனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பிறகு நடந்தது அண்ணன் சொல்லித்தான் மதீனாவுக்குத் தெரியும். நர்ஸ் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். மூக்கைச் சுண்டுகிற மருந்துத் தண்ணீருக்குள் அது கிடந்தது. மதுரையில் இன்ன இடத்துப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு சீட்டும் தந்தாள். ஜெய்லானி வராந்தாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒச்சாண்டி என்ற ஆஸ்பத்திரி ஆளிடம் கேட்டிருக்கிறார்.

“அங்கன இத என்ன செய்வாகப்பா?”

“சீவிச் சீவிப் பாப்பாக பாய்.”

“பாத்துட்டு?”

“பாத்துட்டு எரிச்சிருவாக.”

தங்கச்சியின் சதையை எரிப்பதா? ஜெய்லானி யோசித்தார். உடம்பில் இருந்ததை எடுத்தாகிவிட்டது. வெளியே வந்துவிட்ட ஒன்று நல்லதா கெட்டதா என்று விசாரித்து என்ன ஆகப்போகிறது? அவருக்கு அது சரியான கணக்காகவே பட்டது. பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உத்தமபாளையம் பஸ்ஸில் ஏறினார். மருந்துத் தண்ணீரைக் கொட்டி, கழுவி, கடையில் இருந்ததிலேயே நல்ல வெள்ளை மல்லுத் துணியில் ஒரு முழம் கிழித்துச் சுற்றி, அவர்களுடைய அம்மாவின் கபருக்குக் கால்மாட்டில் அடக்கம் செய்தார். திரும்பித் தேனிக்கு வந்து மதீனாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, “அம்மா பக்கத்துலயே வச்சுட்டேன்” என்று சொன்னபோது, மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருந்த அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்படி ஒரு நிறைவு.

தையல் பிரிக்கப் போன அன்றுதான் கர்ணன் டாக்டர் கேட்டார்.

“ரிப்போர்ட் எங்க?”

“என்ன ரிப்போர்ட்டுங்க?” என்றார் ஜெய்லானி.

“பாட்டில்ல குடுத்து விட்டோமே, மதுரைக்கு.”

“அத அடக்கம் பண்ணியாச்சுங்களே.”

டாக்டர் கையிலிருந்த கத்தரியைத் தட்டில் வைத்தார்.

“என்ன பாய் சொல்றீங்க?”

ஜெய்லானி சொன்னார். விரல் நுனியிலிருந்து மல்லுத் துணிவரை எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கோபப்படத்தான் வாயைத் திறந்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, நாற்காலியை இழுத்து மதீனாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, கொழுப்புக் கட்டின்னா வெண்ணெ மாதிரி மஞ்சளா, தனியா வழுக்கிக்கிட்டு வந்துரும். உங்களுக்கு இருந்தது அப்படி இல்ல. ரப்பர் மாதிரி இருந்துச்சு. வெள்ளையும் மஞ்சளுமா கோடு கோடா, விலா எலும்போட ஒட்டிக்கிட்டு. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல. நான் அந்த மாதிரி பாத்ததில்ல. அதான் அனுப்பச் சொன்னேன்.”

“அப்ப அது…” என்று ஜெய்லானி ஆரம்பித்து நிறுத்தினார். அந்த நோயின் பெயரை அந்தக் குடும்பத்தில் யாரும் வாயால் சொல்வதில்லை.

“தெரியாது பாய். தெரியாதுன்றதுதான் பிரச்சினை. சதையில வர்ற கெட்ட கட்டியும் இப்படித்தான் எல்லை இல்லாம இருக்கும். அதுவா இருந்தா மறுபடி திறந்து, சுத்தி இருக்கற சதையெல்லாம் சேத்து எடுக்கணும். அப்பறம் கரண்ட் வைக்கணும், அதான் கதிர்வீச்சு.”

“எடுத்தா?” என்று மதீனா கேட்டாள்.

“உயிருக்கு நல்லது. ஆனா வலது கை தோளுக்கு மேல போகாதும்மா.”

தோண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று ஜெய்லானி எழுந்தே விட்டார். மருந்தில் இல்லாத சதையில் இத்தனை நாளைக்குப் பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது என்று டாக்டர் அவரை உட்கார வைத்தார். மதுரையில் அந்தப் பரிசோதனைக்கூடத்தை நடத்துகிற சண்முகத்தாய் டாக்டருக்குத் தான் பார்த்ததையெல்லாம் எழுதித் தருவதாகவும், அந்தம்மாவே ஊசி போட்டு எடுத்துப் பார்க்கும், நேரில் போங்கள் என்றும் சொன்னார்.

பஸ் கோட்டூர் தாண்டும்வரை மூன்று பேரும் பேசவில்லை. ராஜா முகம்மது பேசாமல் இருப்பது வழக்கம். ஜெய்லானி பேசாமல் வருவது பஸ்ஸே பழுதாகி நிற்கிற மாதிரி இருந்தது. சின்னமனூரில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவன் ஏறினான். மதீனா வாங்கி அண்ணனிடம் நீட்டினாள்.

“தின்னுங்கண்ணே. சொன்னது நானு. நீங்க செஞ்சீக. அவ்வளவுதான.”

“நீ சொன்ன. எனக்குப் புத்தி எங்க போச்சு?”

“எனக்கு இருந்தாத்தான உங்களுக்கு இருக்கும்? ஒரே வயித்துலதான பொறந்தோம்.”

ஜெய்லானி வெள்ளரிப்பிஞ்சைக் கடித்தார். கடித்துக்கொண்டே அழுதார். உப்பும் மிளகாயும் கண்ணில் பட்டுவிட்டதாக முன்சீட்டுக்காரரிடம் சொன்னார்.

மதுரைக்குப் போகிற நாள் வருவதற்கு முன்னால் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க அண்ணன் வீட்டிலிருந்து நெஞ்செலும்புச் சாறு வந்தது. மதீனா தோட்டத்துக்குப் போனாள், வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து வாழைநாரைக் கிழித்துக் கொடுத்தாள். அவள் வரிசையை ராஜா முகம்மது எடுத்துக்கொண்டார்.

“ஒன் வீட்டுக்காரவுக கட்டுற கட்டப் பாருக்கா” என்றாள் பாண்டீஸ்வரி. “மாட்டக் கட்டச் சொன்னா இப்படிக் கட்டலாம். கொடி மூச்சுத் திணறிச் சாகப் போகுது.”

ராஜா முகம்மது கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

“இப்ப அவுந்து விழுந்துரும். யக்கா, நீ சீக்கிரம் கைய ரிப்பேர் பண்ணிட்டு வா தாயி. என்னால இவுகளோட மாரடிக்க முடியாது. திட்டுனாலும் திருப்பித் திட்ட மாட்டேங்கிறாக, வாயி துருப்பிடிச்சிரும் போல இருக்கு.”

ஆள் இல்லாத நேரம் பார்த்து மதீனா வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். தையல் பிரித்த இடம் இழுத்தது. காதுவரை போயிற்று. இன்னும் கொஞ்சம், கொண்டைவரை. மேலே ஒரு கொழுந்து காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தொட இன்னும் ஒரு சாண் வேண்டும். அவள் சாவைப் பற்றி யோசிக்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சாவு அல்லாவின் கையில். இந்த ஒரு சாண்தான் அவளை வதைத்தது. கையைத் தூக்க முடியாதவள் இந்தப் பந்தலுக்குக் கீழே என்ன முறையில் நிற்பாள்? விருந்தாளியாகவா?

சாயங்காலம் பாண்டீஸ்வரி போனபிறகு இருவரும் வாய்க்கால் கரையில் கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே மேகமலையின் உச்சியை மேகம் மூடியிருந்தது, அடிவாரம் மட்டும் நீலமாகத் தெரிந்தது. கூடு அடைகிற கொக்குகள் வரிசையாகப் போயின. வெகுநேரம் ஆயிற்று. இந்த மனிதரோடு இப்படி உட்கார்ந்திருந்த சாயங்காலங்களை எல்லாம் சேர்த்தால் அதுவே பாதி ஆயுசு இருக்கும் என்று மதீனா நினைத்தாள். ஆரம்பத்தில் இந்த மௌனம் அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு கோபமாக. பிறகு எப்போதோ ஒரு நாள், அதற்குள்ளே ஆள் இருக்கிறார் என்பது தெரிந்துவிட்டது.

“வாழ வப்பம்” என்றார் ராஜா முகம்மது.

“என்ன?”

“பந்தலப் பிரிச்சுட்டு வாழக்கன்னு வப்பம். கைய ஒசத்த வேண்டியதில்ல.”

மதீனா அவர் பக்கம் திரும்பினாள். அந்தப் பந்தலின் ஒவ்வொரு கல்தூணையும் அவர்தான் வண்டியில் கொண்டுவந்து நட்டவர். ஒரு கொடி பட்டுப்போனால் இரண்டு நாள் சோறு இறங்காது அவருக்கு. அவர் வாயிலிருந்து வந்த இந்த இரண்டு வரியை எத்தனை நாள் உள்ளே வைத்துப் புரட்டியிருப்பார்?

“நான் உசுரோட இருக்கையிலயே பந்தலப் பிரிப்பீகளா?” என்று சண்டை பிடித்தாள். “ஒரு கை போனா இன்னொரு கை இல்ல? எடது கையால கட்டிப் பழகிக்கிறேன். வாழயாம் வாழ. ஒரு காத்துக்குத் தாங்குமா அது? எந்திரிங்க, பொழுதாச்சு.”

அவர் எழுந்து, அவள் எழுவதற்குக் கை கொடுத்தார். அவள் வலது கையைத்தான் நீட்டினாள்.

சண்முகத்தாய் டாக்டர் மதீனாவைவிடக் கொஞ்சம் இளையவர். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தேடுகிற ரகம். கர்ணன் டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டு ஜெய்லானியைப் பார்த்தார்.

“பொதச்சது நீங்கதானா?”

ஜெய்லானி எழுந்து நின்றார்.

“உக்காருங்க பாய். நான் மார்க்கையன்கோட்டை. எங்க ஊர்ல ஒருத்தர், எடுத்த பித்தப்பைக் கல்லக் கொண்டுபோய் முல்லையாத்துல விட்டுட்டு வந்தாக. நீங்களாச்சும் எங்க இருக்குன்னு சொல்றீக.” பிறகு மதீனாவிடம், “என்ன வேலை செய்றீகம்மா?” என்றார்.

“தெராச்சத் தோட்டம்.”

“பந்தலுக்குக் கீழயா? கவாத்து, கொடி கட்றது எல்லாம் நீங்களே?”

“ஆமா.”

டாக்டர் பேனாவை மேசையில் உருட்டினார். ஆண்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, “இப்ப கொடி கட்டுங்க பாப்பம்” என்றார்.

மதீனா சுவரைப் பார்த்து நின்று கைகளை உயர்த்தினாள். வலது கை கொண்டைக்கு மேல் கொஞ்சம் போயிற்று. இடது கை முழுசாகப் போயிற்று. டாக்டரின் விரல்கள் வலப்பக்கத் தழும்பைத் தொட்டன. பிறகு இடப்பக்கம் போயின. அங்கேயே நின்றன.

“அம்மா, இந்தப் பக்கம் இருக்கறத யாராச்சும் பாத்தாகளா?”

“இந்தப் பக்கமா?”

“இங்கயும் ஒண்ணு இருக்கு. சின்னது.”

மதீனா கைகளை இறக்கினாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பக்கமுமா? அப்படியானால் இரண்டு கையும் போயிற்றா? இடது கையால் கட்டிப் பழகிக்கொள்வேன் என்று புருஷனிடம் வீறாப்பாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. டாக்டர் அவளைத் திருப்பி உட்கார வைத்தார். அந்தம்மா முகத்தில் பயமே இல்லை. ஏதோ நல்ல சேதி கேட்டவரைப் போல இருந்தார்.

“பயப்படாதீக. எனக்கு இது நல்லதாத்தான் தோணுது. கெட்டது இப்படி ரெண்டு பக்கமும் ஒரே எடத்துல சோடி போட்டு வராது. ஆனா தோணுறத வச்சு நான் எழுதிக் குடுக்க முடியாது. பாக்கணும்.”

மரத்துப்போக ஊசி போட்டு, அப்புறம் கோணி ஊசி மாதிரி ஒரு தடித்த ஊசியால் இடப்பக்கத்திலிருந்து சதையை எடுத்தார். மெல்லிய நூல்போல இரண்டு துண்டு வந்தது. வலப்பக்கத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். சாயம் ஏற்றிப் பார்க்க நாளாகும், சொல்லி அனுப்புகிறேன் என்றார். ஜெய்லானி அந்த வருடம்தான் செல்போன் வாங்கியிருந்தார். அதன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அடுத்த சில நாட்கள் ஜெய்லானி தொழுகைக்குப் போகும்போதுகூட அதை அணைக்காமல், பள்ளிவாசல் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது ஒரு தடவை அடித்தது. கடைக்குச் சேலை வந்திறங்கிய தகவல்.

சேதி வந்து மூவரும் மறுபடி மதுரைக்குப் போனபோது சண்முகத்தாய் டாக்டர் முதலில் எதையும் சொல்லவில்லை. பூதக்கண்ணாடி எந்திரத்துக்கு முன்னால் மதீனாவை உட்கார வைத்தார்.

“ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க. என்ன தெரியுது?”

மதீனா பார்த்தாள். முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு ரோஜா நிறத்தில் ஒரு வெளி. அதற்குள்ளே கறுப்பாக, முடி முடியாக, நீளமாகவும் குட்டையாகவும்.

“கம்பளிப்பூச்சி” என்றாள்.

“என்னது?”

“கறுப்புக் கம்பளிப்பூச்சியாக் கெடக்கு. எலய மடக்கி உள்ள இருக்குமே, அந்த மாதிரி. மருந்தடிக்கணும்.”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “மருந்தெல்லாம் வேணாம். அது ஒண்ணும் பண்ணாது. நம்ம சதைக்குள்ள, இழுத்தா நீண்டு விட்டா சுருங்குற நாரு ஒண்ணு இருக்கும்மா. பாவாடைக்கு எலாஸ்டிக் போடுறோம்ல, அந்த மாதிரி மெல்லிசா. உங்க தோள்பட்டைக்கு அடியில, விலா எலும்பு உரசுற எடத்துல, ஒடம்பு அந்த நார அளவில்லாமச் செஞ்சு குமிச்சிருக்கு. செஞ்சதையும் ஒழுங்காச் செய்யல. துண்டு துண்டா, பாசி மணி கோத்த மாதிரி. அந்த நாருக்குன்னு ஒரு சாயம் இருக்கு, போட்டா இப்படிக் கறுத்துரும். எலாஸ்டோஃபைப்ரோமான்னு பேரு. அபூர்வம். பரவாது. ஆளக் கொல்லாது. அத நிசமான கட்டின்னே ஒத்துக்காத டாக்டருக இருக்காக.”

“வேலையினால வந்ததா?” என்று ஜெய்லானி கேட்டார்.

“கையத் தூக்கி வேலை செய்றவுகளுக்கு வருதுன்னு சொல்றாக. சில குடும்பத்துல வரிசையா வருதுன்னும் சொல்றாக. உறுதியா யாருக்கும் தெரியாது. எங்க, நீங்க கையத் தூக்குங்க பாய்.”

ஜெய்லானி சட்டென்று இரண்டு கையையும் தூக்கினார். டாக்டர் சட்டைக்கு மேலாகவே தடவிப் பார்த்தார்.

“உங்களுக்கு இல்ல.”

“நல்லாப் பாருங்க டாக்டரம்மா” என்றார் ஜெய்லானி, ஏமாந்த குரலில்.

“கடையில உக்காந்து பேசுறவுகளுக்கு வாயிலதான் வரும்” என்றாள் மதீனா. ராஜா முகம்மதுவின் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரிக்கிறார்.

“புதைச்சத நான் பாக்கல” என்று டாக்டர் தொடர்ந்தார். “அதனால அதப் பத்திச் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கர்ணன் எழுதினது, ஸ்கேன், இந்தப் பக்கம் இருக்கறது எல்லாம் ஒண்ணையேதான் சொல்லுது. மறுபடி வெட்ட வேண்டியதில்ல. கரண்ட் வேண்டியதில்ல. அப்பப்ப வந்து காட்டிட்டுப் போங்க. இடது பக்கம் தொந்தரவு இல்லேன்னா அப்படியே கெடக்கட்டும்.”

“அப்ப கை?”

“தூக்கத் தூக்கச் சரியாகும். மெதுவா ஆரம்பிங்க.”

மதீனா அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

கிளம்பும்போதுதான் ஜெய்லானி தயங்கி நின்றார்.

“டாக்டரம்மா, அந்தக் கண்ணாடித் துண்டுல இருக்கறது… அது என்னாகும்? எரிச்சிருவீகளா?”

“இல்ல பாய். இத வச்சிருப்பேன். கேட்டா உங்களுக்குக் கொஞ்சம் குடுக்கலாம். ஆனா குடுக்க மனசில்ல.” டாக்டர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினார். “படிக்கிற பிள்ளைக வருவாக எங்கிட்ட. புத்தகத்துல ஒரு படம் இருக்கும், அவ்வளவுதான். நேர்ல ஒருக்காப் பாத்துட்டாங்கன்னா, நாளைக்கு இன்னொரு அம்மா இதே மாதிரி வரும்போது, பயந்துக்கிட்டு அவுக தோள்சதைய வெட்டச் சொல்ல மாட்டாக.”

ஜெய்லானி தங்கையைப் பார்த்தார். மல்லுத் துணியில் சுற்றி அம்மாவின் கால்மாட்டில் வைத்தது ஒரு பங்கு. இது இன்னொரு பங்கு, மண்ணுக்குப் போகாமல், மதுரையில் ஒரு மரப்பெட்டிக்குள், முன்பின் தெரியாத பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்க்க. அவர் முகத்தில் அது ஒத்துக்கொள்ளாதது தெரிந்தது.

“இருக்கட்டும்ணே” என்றாள் மதீனா. “பிள்ளைக பாக்கட்டும். மண்ணுக்கு என்ன அவசரம்? நான் மொத்தமாப் போறப்ப எடது பக்கத்துத எடுத்துக்கிட்டுத்தான போறேன்.”

ஜெய்லானி வாய்க்குள் எதையோ ஓதினார். பிறகு, “சரி. பேரு போட்டு வப்பீகளா?” என்றார்.

“பேரு போடக் கூடாது பாய்.”

“ஊரு?”

டாக்டர் யோசித்தார். பென்சிலை எடுத்து, கண்ணாடித் துண்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதத்தில் பொடி எழுத்தில் உத்தமபாளையம் என்று எழுதினார். ஜெய்லானி குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

தேனி பஸ்ஸில் கூட்டம். செக்கானூரணி வரைக்கும் உட்கார இடமில்லை. அங்கே ஒருவர் இறங்க, ராஜா முகம்மது அந்த இடத்தைப் பிடித்து, துண்டை விரித்து, மதீனாவைப் பார்த்து நகர்ந்து நின்றார்.

“நீங்க இருங்க” என்றாள்.

“ஏத்தா, ஒக்காரு. வம்பு பண்ணாத” என்றார் பின்னாலிருந்து ஜெய்லானி.

“நீங்க ஒக்காருங்கண்ணே. ஒக்காந்தே பழகுன ஆளு.”

கடைசியில் ஜெய்லானிதான் உட்கார்ந்தார், முனகிக்கொண்டே. பஸ் உசிலம்பட்டிப் பக்கம் வளைந்து திரும்பியது. எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். மதீனா துப்பட்டிக்குள்ளிருந்து வலது கையை எடுத்து மேலே நீட்டினாள். தழும்பு இழுத்தது. இழுக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் எட்டி, தலைக்கு மேலிருந்த கம்பியைப் பிடித்தாள். கம்பி ஏற்கெனவே பல கைகள் பிடித்துச் சூடாக இருந்தது. பக்கத்தில் ராஜா முகம்மதுவின் கையும் அதே கம்பியைப் பிடித்திருந்தது. அவர் அவளுடைய கையைப் பார்த்தார். ஆண்டிபட்டிக் கணவாய் வந்தபிறகும் அவள் கையை இறக்கவில்லை.